ஒரு பைப், இரண்டு நட்டு

பல்வலி என்று பொய் சொல்லிவிட்டுத்தான் சின்னவன் அன்று காலை பட்டறையை விட்டுக் கிளம்பினான். முப்பத்தாறு வயது ஆள், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆன ஆள், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிற பிள்ளை மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. என்ன செய்வது? அண்ணன் முகத்தைப் பார்த்து "நான் வேற வேலைக்குப் போறேன்" என்று சொல்வதற்குப் பதில், இருக்கிற பல்லையெல்லாம் பிடுங்கிக்கொள்வது மேல் என்று தோன்றியது.

"எந்தப் பக்கம்டா வலி?" என்று அண்ணன் அக்கறையாக வாய்க்குள் எட்டிப் பார்த்தார். "வீங்கின மாதிரியே தெரியலையே. சரி, போய்க் காட்டிட்டு வா. நானும் ஸ்பேர்ஸ் வாங்க வெளிய போகணும். மத்தியானம் வந்து கடையைத் திறந்துக்கலாம்."

"சரிண்ணா" என்று முனகிவிட்டு, விட்டால் போதும் என்று சின்னவன் பஸ் ஏறினான்.

அந்த வீட்டின் அமைப்பைச் சொன்னால்தான் அவன் பாடு புரியும். முன்னால் பட்டறை. பின்னால் அண்ணன் குடும்பம். மேலே இரண்டு அறைகளில் சின்னவனும் அவன் மனைவியும். மாடிப்படி பட்டறைக்குள்ளேதான் இறங்குகிறது, வேறு வாசல் கிடையாது. அவன் மனைவி ஒரு பாக்கெட் பால் வாங்கப் போனாலும், பானெட்டைத் திறந்து வைத்த இரண்டு கார்களுக்கு நடுவே புடவையை ஒதுக்கிக்கொண்டு, "எங்கம்மா கிளம்பிட்ட?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தெருவைப் பார்க்க முடியும். மாடியில் கொஞ்சம் சத்தமாகப் பேசினால் கீழே கேட்கும். சிரித்தாலும் கேட்கும். பதினோரு வருஷமாகப் புருஷனும் பெண்டாட்டியும் குசுகுசுவென்றே குடும்பம் நடத்துகிறார்கள்.

அண்ணன் கொடுமைக்காரராக இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு சண்டை போட்டுப் பிரிந்திருக்கலாம். அங்கேதான் வந்தது வினை. மனுஷன் தங்கமானவர். அப்பா போனபிறகு சின்னவனைத் தூக்கி நிறுத்தியது அவர்தான். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவர் சாப்பிட மாட்டார். இப்படிப்பட்டவரிடம் எதைச் சொல்லிக் கோபித்துக்கொள்வது? நல்லவர்கள் கையில் மாட்டிக்கொண்டவனுக்குப் புகார் கொடுக்கக்கூட இடமில்லை.

ஒரே ஒரு குறை உண்டு. அண்ணன் எந்த வேலையையும் அவனை முழுசாகச் செய்ய விட்டதில்லை. பிரேக் பைப் மாற்ற ஒரு கார் வந்தால், பழைய பைப்பைக் கழற்றுவது அண்ணன். நூல் பிடித்து அளந்து, புதுப் பைப்பை வெட்டி, வளைத்து, பிசிறு எடுத்து, இரண்டு நட்டையும் கோத்து, "இந்தாடா" என்று நீட்டுவது அண்ணன். அந்தப் பைப்பின் வாயை விரித்துக் கொடுப்பது மட்டும் சின்னவன் வேலை. பிறகு காருக்கு அடியில் படுத்து மாட்டுவது மறுபடியும் அண்ணன்.

ஆனால் அந்த வாய் விரிப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பைப் முனை ஒழுங்காக விரிந்து, மடிந்து, மூட்டில் போய் அப்பிக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஆயில் கசியாது. கசிந்தால் பிரேக் இல்லை. பிரேக் இல்லையென்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருப் பட்டறைக்காரர்கள்கூட இதற்கென்று பைப் கொடுத்தனுப்புவார்கள். அதையும் அண்ணன்தான் வாங்கி, சரிபார்த்து, நட்டைக் கோத்து அவனிடம் தருவார். "உங்க தம்பி கை, கைதாங்க" என்று வருகிறவர்கள் சொல்லும்போது சின்னவனுக்கு மனசு குளிரும். தனக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வான்.

பஸ் டிப்போவில் பிரேக் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தியை அவன் மனைவிதான் கொண்டுவந்தாள். ஒரே ஒரு இடம். நாற்பத்திரண்டு வயதுக்குள் இருக்க வேண்டும். பரீட்சை கையால் செய்து காட்டுவது. தேறினால் டிப்போ குடியிருப்பில் இரண்டு அறை வீடு.

"தனி வாசல் இருக்குமா?" என்று அவள் கேட்டாள். சம்பளத்தைக் கேட்கவில்லை, வாசலைத்தான் கேட்டாள். அன்று காலை படியிறங்கும்போது அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "வாய் விரிக்கிறதுதான் பரீட்சைன்னா உங்களை யாரு ஜெயிக்க முடியும்? போயிட்டு வாங்க" என்று காதோடு சொல்லி அனுப்பினாள்.

டிப்போ வாசலில் ஒரு நீளமான அறை. சுவரோரம் பெஞ்சு. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு இடம் காலியாக இருக்கிறதே என்று சின்னவன் போனான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டுத் திட்டு அவனுக்கு ரொம்பத் தெரிந்த திட்டு. நிமிர்ந்து பார்த்தான். அண்ணன்.

இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

"பல்லு..." என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"ஸ்பேர்ஸ்..." என்று இவன் இழுத்தான்.

அவ்வளவுதான். எழுந்து போய்விடலாமா என்று சின்னவன் கதவைப் பார்த்தான். போனால் வந்த காரியம் பாழ். இருந்தால் அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டும். உட்கார்ந்தான். இரண்டு பேர் தோளும் இடித்துக்கொள்கிற பெஞ்சு அது. எதிர்ச் சுவரில் தீயணைப்பானைப் பற்றி ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை இரண்டு பேரும் பாடம் படிக்கிற மாதிரி திரும்பத் திரும்பப் படித்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை நாளா?" என்று அண்ணன் மெல்லக் கேட்டார்.

"ரெண்டு மாசமா. நீங்க?"

"விண்ணப்பம் போட்டது ரெண்டு மாசம்." அண்ணன் ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நினைச்சது எட்டு வருஷம் இருக்கும்."

எட்டு வருஷமா! சின்னவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்த மனுஷன் மனம் நோகுமே என்று இத்தனை காலம் மூச்சு விடாமல் கிடந்தானோ, அந்த மனுஷனும் மூச்சு முட்டித்தான் கிடந்திருக்கிறார். அதைக் கேட்டதும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருப்பது ஒரே இடம்.

நான்கு நான்கு பேராகக் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்ட வரிசைப்படி மேசை கொடுத்ததால் அண்ணனும் தம்பியும் பக்கத்துப் பக்கத்து மேசை. பரீட்சை வைத்தது ஒரு சூப்பர்வைசர் அம்மா. கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். சிரிப்பு என்ன விலை என்று கேட்கிற முகம்.

"ஆளுக்கு ஒரு பைப். இரும்புப் பைப். ரெண்டு நட்டு, ஒரு மூட்டு மேசைமேல இருக்கு. பைப்புல குறி போட்டிருக்கிற நீளத்துக்கு வெட்டி, அந்த மூட்டுல பொருந்துற மாதிரி ரெண்டு முனையும் விரிச்சு, பஸ்ஸுல மாட்டத் தயாரா தரணும். வாய் விரிக்கிற பிளேரிங் டூல் மூணு வகை அந்தப் பலகையில இருக்கு. எது வேணும்னு நீங்களே பார்த்து எடுத்துக்குங்க. ஒரு தடவைதான் எடுக்கலாம். பேசக்கூடாது, பக்கத்துல எட்டிப் பார்க்கக்கூடாது."

மற்ற இரண்டு பேரும் விழுந்தடித்துக்கொண்டு பலகைக்கு ஓடினார்கள். சின்னவன் ஓடவில்லை. முதலில் மூட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தான். நடுவில் கூம்பாக ஒரு மேடு. ஆக, பைப் வாய் உள்பக்கம் மடிந்து இரட்டையாக விரிய வேண்டும். மொட்டு மாதிரி உப்ப வைத்தால் இதில் ஒட்டாது. இது தெரிந்தபிறகுதான் டூல் பக்கம் போனான்.

பெட்டியோடு பளபளவென்று ஒன்று இருந்தது, கைப்பம்பு வைத்தது. ஆளை மயக்குகிற சாமான். திறந்து அச்சுகளைப் பார்த்தான். எல்லாம் மொட்டு விரிக்கிற அச்சு, போ என்று மூடிவிட்டான். அடுத்தது, இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவில் பைப்பைக் கவ்வி மேலே திருகுகிற பழைய வகை. அவன் பட்டறையில் இருப்பதும் அதுதான், கைக்குப் பழகியது. ஆசையாக எடுத்து, கவ்வுகிற இடத்தை விரலால் தடவினான். பல் தேய்ந்து வழவழவென்றிருந்தது. செம்பு கலந்த மிருதுவான பைப் என்றால் பிடித்துக்கொள்ளும். இரும்பை அழுத்தினால் வழுக்கி இறங்கிவிடும், வாய் கோணிக்கொள்ளும். மனசில்லாமல் வைத்துவிட்டு, மேசைப் பிடிகருவியில் மாட்டி நெம்புகோலால் இழுக்கிற கனத்த வகையை எடுத்தான். அச்சு சரி, பிடியும் சரி. திரும்பும்போது பார்த்தால் அண்ணன் கையிலும் அதே வகை.

வேலையில் இறங்கினான். பைப்பைக் கட்டரில் வைத்து, அவசரப்பட்டு முறுக்காமல் சுற்றிச் சுற்றி வெட்டினான். முனையை அரத்தால் தட்டையாக்கினான். உள்பிசிறை எடுத்தான். பைப்பை ஊதினான். ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி, அச்சில் வைத்து, அளவுக்கட்டையோடு முட்ட வைத்து இறுக்கினான். நெம்புகோலை இழுத்தான். முதல் இழுப்பில் முனை குவிந்தது. அச்சை மாற்றி இரண்டாவது இழுப்பு. இரும்பு உள்ளே மடிகிறது கைக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தான். சுற்றிலும் ஒரே அகலம், கீறல் இல்லை, கோணல் இல்லை. அடடா, வாழ்க்கையில் அவன் போட்டதிலேயே நல்ல வாய் அது. ஒரு நிமிஷம் அந்தத் தனி வாசல் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. கதவைத் திறந்தால் நேரே தெரு.

பைப்பைத் திருப்பி அடுத்த முனையை எடுத்தான். அதுவும் அச்சு அசலாக அப்படியே வந்தது. நேரம் முடிய இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது. கைகட்டி நின்றான்.

சூப்பர்வைசர் அம்மா வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முனையைப் பார்த்தார், அடுத்த முனையைப் பார்த்தார். முதல் தடவையாக அந்த முகம் இளகியது.

"இவ்வளவு சுத்தமா ஒரு வாய் பார்த்து நாளாச்சு தம்பி. சரி, இதை எப்படி மாட்டுவீங்க?"

"நட்டைப் போட்டு இறுக்கி..." என்று சொல்லிக்கொண்டே சின்னவன் பைப்பைப் பார்த்தான். பிறகு மேசையைப் பார்த்தான்.

இரண்டு நட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

விரிந்த வாய்க்குமேல் நட்டு ஏறாது. விரிப்பதற்கு முன்னாலேயே கோத்துவிட வேண்டும். தொழிலில் அரிச்சுவடி இது. இருபது வருஷத்தில் அவன் கையில் வந்த ஒவ்வொரு பைப்பிலும் நட்டு ஏற்கெனவே இருந்தது. அதைக் கோக்கிற வேலை ஒன்று இருப்பதே அவன் கைக்குத் தெரியாது. முதல் முனையை முடித்தபோதுகூடக் காலம் கடக்கவில்லை. திறந்திருந்த அடுத்த முனை வழியாக இரண்டையும் தள்ளியிருக்கலாம். அந்த வழியையும் தானே, தன் கையால், அழகாக அடைத்துவிட்டிருந்தான்.

"வேற பைப் ஒண்ணு..." என்றான்.

"ஆளுக்கு ஒண்ணுதான்."

"ஒரு பக்கம் வெட்டிட்டு மறுபடி..."

"நீளம் குறைஞ்சிடும். குறைஞ்சா விறைச்சுக்கிட்டு நிக்கும், ஓடுற அதிர்வுல விட்டுடும். உங்களுக்குத் தெரியாததா?" அந்த அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. பைப்பை மெதுவாகத்தான் மேசையில் வைத்தார். "ரொம்ப நல்ல கை தம்பி. ஆனா நாளைக்கு உங்களைத் தனியா விட்டுட்டுப் போனா, பஸ் வெளிய போகாதே."

அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அண்ணன் கொடுத்த பைப்பில் இரண்டு நட்டும் ஒழுங்காக இருந்தன. அது எதிர்பார்த்ததுதான். சின்னவன் எதிர்பார்க்காதது அந்த வாய். அண்ணன் பைப் வாய் விரித்து அவன் பார்த்ததே இல்லை. அவருக்கு அது வராது, அதனால்தான் தன்னிடம் விட்டிருக்கிறார் என்றே நினைத்திருந்தான். வந்திருந்தது, கொஞ்சமும் குறையில்லாமல். மூட்டில் மாட்டி, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்த்தார்கள். மீட்டரில் ஏறிய முள் இறங்கவில்லை, ஒரு சொட்டுக் கசியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு, தேறியவர் என்று அண்ணனின் எண்ணைப் படித்தார்கள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அண்ணனுக்குப் பின்னால் சின்னவன் உட்கார்ந்து வந்தான். பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தான், அண்ணன் விடவில்லை. பாதி வழி வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தவர், ஒரு மேம்பாலத்துக்கு அடியில் நிழலாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"டேய்."

"ம்."

"நட்டு ரெண்டும் மேசைமேல கிடந்ததை நான் பார்த்தேன்டா."

சின்னவன் அவர் தோளைப் பிடித்தான். "எப்போ?"

"நீ முதல் பக்கத்தை முடிச்சுட்டுத் தூக்கிப் பார்த்து ரசிச்சியே, அப்போ."

அப்போது வழி இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

"பேசத்தான் கூடாதுன்னாங்க. இருமலாம்ல? ஒரு இருமல் இருமியிருந்தா நீ திரும்பியிருப்ப. தொண்டை வரைக்கும் வந்துச்சுடா." அண்ணன் ஹாண்டில்பாரை விரலால் துடைத்தார். "அடுத்த மாசம் எனக்கு நாற்பத்திரண்டு முடியுது. இதை விட்டா அப்புறம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க. முழுங்கிட்டேன்."

"வாய் விரிக்க உங்களுக்கு வராதுன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றான் சின்னவன். கேட்க எத்தனையோ இருக்க, அதுதான் முதலில் வந்தது.

"அப்பா முதல்ல எனக்குத்தானே சொல்லிக்கொடுத்தாரு. பதினாறு வயசுல நீ அந்த டூலைக் கீழயே வைக்க மாட்ட. ஆசைப்படுறானேன்னு உங்கிட்டயே விட்டுட்டேன்."

சின்னவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. அந்த முதுகில் ஓங்கி ஒரு குத்து விட வேண்டும் போலிருந்தது. ஆனால் கூடவே இன்னொரு கேள்வியும் எழுந்தது. மேசை மாறியிருந்தால்? நட்டைக் கோக்க மறந்தது அண்ணனாக இருந்து, பார்த்தது இவனாக இருந்தால், இவன் இருமியிருப்பானா? யோசித்துப் பார்த்தான். இருமியிருப்பேன் என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் போனது.

"ஏதாவது சொல்லுடா. திட்டிடு."

"வண்டியை எடுங்க அண்ணா. வெயில் ஏறுது" என்றான்.

பட்டறை வாசலில் ஒரு வெள்ளைக் கார் காத்துக்கொண்டிருந்தது. அண்ணன் ஷட்டரைத் தூக்கினார். சின்னவன் யாரையும் பார்க்காமல் படியேறினான். மேல்படியில் அவன் மனைவி நின்றிருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதுமே வந்து நின்றிருப்பாள் போல, கையில் இருந்த ஈரத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"கிடைச்சுதா?" என்று வழக்கம்போலக் குசுகுசுவென்று கேட்டாள்.

"கிடைச்சுது."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் அவன் அவளைத் தாண்டி அறை வாசலில் போய் நின்றான்.

"அண்ணனுக்கு" என்றான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் மாடிப்படி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். பட்டறையையும் காரையும் தெருவையும் அங்கிருந்து பார்த்தபடி இருந்தாள்.

கீழே அண்ணன் காரின் சொந்தக்காரரிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது. "இனிமே பட்டறை முழுக்க என் தம்பிதாங்க. அவனை மாதிரி கை யாருக்கும் வராது." பிறகு மாடியைப் பார்த்து, பழைய உரிமையோடு, பாசத்தோடு, கொஞ்சம் பயத்தோடும் குரல் கொடுத்தார்.

"சின்னவனே, சாவியை வந்து வாங்கிக்கோடா."

அவன் மனைவி நகர்ந்து வழி விடவில்லை. நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தாள். போகாதீங்க என்று வாயால் சொல்லவில்லை, கண்ணால் அதைத்தான் சொன்னாள்.

"வரேண்ணா" என்றான் சின்னவன். அவளைத் தாண்டிக் கால் வைத்துப் படியிறங்கினான்.